முகவரி மட்டும்

இருபத்தொன்பது வருடம் கழித்து
அப்பா மனாமாவுக்கு வந்திருக்கிறார், என் விசிட் விசாவில்.
பெட்டியில் இரண்டு கைலி, நேந்திரங்காய் வற்றல்,
அடியில் ஒரு பிஸ்கட் டின்.
டின் நிறைய அவரே இங்கிருந்து அனுப்பிய
படத் தபாலட்டைகள்.
"அம்மை குடுத்து விட்டா. நீ பாக்கணுமாம்."

அட்டை என்பது திறந்து கிடக்கும் கடிதம்.
தபால்காரர் படித்து,
ஐஸ் பேக்டரிக் கணக்குப்பிள்ளை படித்து,
பிறகுதான் எங்கள் வாசலுக்கு வரும்.
ஆகவே சில்வேஸ்தர் என்கிற என் அப்பா
குடும்பத்தை மொத்தமாக மீனாக்கிவிட்டார்.

"சாளை நல்லாப் படுது" என்றால்
பணம் வருகிறது.
"காத்து விழல" என்றால்
கபீல் மூன்று மாதமாய் இழுத்தடிக்கிறான்.
"பழைய நங்கூரத்தை எடுத்துரு":
பேங்கில் கிடக்கும் வளையலை மீட்டுக்கொள்.
எண்பத்தெட்டு நவம்பரில்,
புதுப் பாலத்தின் படத்துக்குப் பின்னால்
ஒரே ஒரு வரி:
"மடி கிழியாமக் கரையேறிச்சா?"

அது நான்.
பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

எல்லாம் ஒரே கையெழுத்து.
இடிந்தகரைக் கித்தேரியான், அதே லாஞ்சில் வேலை.
அப்பாவுக்கு எழுத்து வராது.
சொல்லச் சொல்ல எழுதிவிட்டு
ஓரத்தில் மிச்சம் இருந்தால் தன் பங்குக்கும் ஒன்று சேர்ப்பாராம்:
"இங்கே வெயில் கடுமை. இப்படிக்கு, எழுதுகிறவன்."
அவருடைய வெயிலையும் சேர்த்துத்தான்
அம்மா எங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு
துறைமுகம் தேடிப் போனோம்.
படத்தில் இருந்த கடல் இப்போது கடலில்லை.
மணல் கொட்டி மேடாக்கி
மேலே மூன்று மாடிக்கு மால்.
அப்பா நடந்தார், நின்றார், திரும்பினார்,
பள்ளிவாசல் கோபுரத்தை ஒரு கண்ணால் அளந்தார்.
செருப்புக்கடை வாசலில் வந்து நின்று
"இங்கதான் கெட்டுவோம். ரெண்டு பாகம் வெள்ளம்" என்றார்.
ஏசி காற்றில் அவர் கைலி அசைந்தது.
விற்பனைப் பையன் நாற்காலி போட்டான்.

உட்கார்ந்த நேரத்தில் கேட்டேன்,
கேட்கத்தான் அதைக் கைப்பையில் வைத்திருந்தேன்:
பின்பக்கம் ஒன்றுமே எழுதாத ஒரு அட்டை.
முகவரி மட்டும்.
அதுவும் நடுங்கும் ஆங்கில எழுத்தில்,
இந்தியாவின் இரண்டாம் எழுத்து
கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி.
ஊரில் இதற்குப் பல அர்த்தம் சொன்னார்கள்.
வேறு குடும்பம் வைத்துவிட்டான் என்றுகூட.
அம்மா எதுவும் சொல்லாமல்
ஜெபப்புத்தகத்தில் வைத்தாள்.
மற்றவை டின்னில். இது மட்டும் அங்கே.

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அந்த வாரம் சமால் அடிச்சுது.
கித்தேரியான் கெடைக்கல."

கொஞ்ச நேரம் செருப்புகளைப் பார்த்தார்.

"எழுத ஆளில்ல மக்ளே.
பழைய அட்டையப் பாத்து வரைஞ்சேன்.
ரெண்டு ராத்திரி ஆச்சு."

திரும்பும் வழியில், சூக்கில்,
ஒட்டகப் பொம்மைகளுக்கும் காந்த ஸ்டிக்கருக்கும் நடுவே
ஒரு கம்பிச் சட்டத்தில் நாலைந்து அட்டைகள் தொங்கின.
ஐநூறு பில்ஸ்.
படத்தைப் பார்க்காமலே ஒன்றை உருவினார்,
அன்றும் இப்படித்தான் வாங்கியிருப்பார் போல.
பேனாவை எடுத்தேன்.
பெர்பெத்தம்மாள், வீட்டு எண், ஊர், பின்கோடு.
"என்ன எழுதணும்?"

நிறைய யோசித்தார்.
"இங்க இப்ப மீனே இல்லன்னு எழுது."

அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"நீ எழுது. அவளுக்குத் தெரியும்."

ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.